திருச்சபைத் தலைமையில் செருக்கும் தாழ்மையும்: புளியந்தோப்பு வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

புளியந்தோப்பிலிருந்து தெற்கே நடந்தால் வேப்பேரி. கிழக்கே பேசின் பாலம் தாண்டிப் போனால் ராயபுரம். இந்தச் சிறு வட்டத்துக்குள் தமிழ்க் கிறிஸ்தவத்தின் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுக் கதை அடங்கிவிடுகிறது. 1726-இல் தரங்கம்பாடியிலிருந்து வந்த பெஞ்சமின் சூல்ட்சே சென்னையில் மிஷன் வேலையைத் தொடங்கினார். 1749-க்குப் பிறகு அது வேப்பேரியில் நிலைகொண்டது. ராயபுரத்தில் படகோட்டிச் சமூகத்தார் தங்கள் உழைப்புக் காசில் புனித இராயப்பருக்குக் கோயில் எழுப்பினார்கள். இவற்றுக்கு நடுவே புளியந்தோப்பு, பக்கிங்காம், கர்நாடிக் மில்களின் நிழலில் தொழிலாளர் குடியிருப்பாக வளர்ந்தது. 1921 மில் வேலைநிறுத்தத்தின்போது, வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடர்களுக்கும் வேலைநிறுத்தம் செய்த மற்றவர்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தில் இங்கே குடிசைகள் எரிந்தன. மில் 1996-இல் மூடப்பட்டது. ஆட்டுத்தொட்டியும் கே.பி. பார்க் அடுக்குமாடிகளும் ஓட்டேரி நல்லாவும் சந்துக்குச் சந்து ஜெபக்கூடங்களும் இன்றைய புளியந்தோப்பின் அடையாளங்கள்.

எடுத்துக்கொண்ட கேள்வி சிறியது. திருச்சபைத் தலைவரின் செருக்கு எங்கே குடியிருக்கிறது? அவர் மனத்திலா, அவரை உட்கார வைத்திருக்கும் ஏற்பாட்டிலா? பிரசங்க பீடங்கள் முதலாவதையே பேசிவருகின்றன: தலைவர் முழங்காலில் நின்று தன்னைத் தாழ்த்த வேண்டும், கர்த்தர் அவரை உயர்த்துவார். இந்த வட்டாரத்தில் நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் இரண்டாவதற்கே சான்று கூடுதல் என்பது என் வாதம். பணம் யார் கையில் இருந்தது, பந்தியில் யார் எங்கே உட்கார்ந்தார்கள், நாற்காலி எத்தனை காலத்துக்கு, இறங்கியவருக்குப் போக்கிடம் உண்டா என்று பார்ப்பதே பயன் தரும். கத்தோலிக்கத் திருச்சபையின் ஆளுகை முறை வேறு. அதை ஓரிரு இடங்களில் மட்டும் தொட்டுச் செல்கிறேன்.

2. அளவுகோல்

புதிய ஏற்பாட்டில் பெயர் சொல்லியே குறை கூறப்படும் செருக்குக்காரத் தலைவர் ஒருவர் உண்டு. யோவானின் மூன்றாம் நிருபத்தில் வரும் தியோத்திரேப்பு. மிகச் சிறிய நிருபம். முதலிடத்தின்மேல் ஆசை கொண்டவர் என்று ஒரு வரியில் அவர் மனத்தைச் சொல்லிவிட்டு, எழுதியவர் நேராகச் செயல்களுக்குப் போய்விடுகிறார். நிருபம் எழுதிய மூப்பரின் பேச்சைத் தியோத்திரேப்பு ஏற்பதில்லை. அவரைப் பற்றி அவதூறு பேசுகிறார். வெளியூரிலிருந்து வரும் சகோதரரைச் சேர்ப்பதில்லை. சேர்த்துக்கொள்பவர்களையும் சபைக்குப் புறம்பே தள்ளுகிறார். நான்கும் ஊர் பார்க்க நடந்தவை, சாட்சி வைத்து மெய்ப்பிக்கக்கூடியவை. தியோத்திரேப்பு தனியறையில் கண்ணீர்விட்டு ஜெபிப்பவராகவும் இருந்திருக்கலாம். நிருபம் அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

சொல்லளவில் பணிவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ரோமில் ஒரு பழைய சான்று கிடைக்கிறது. 590 முதல் 604 வரை போப்பாக இருந்த முதலாம் கிரகோரி, கான்ஸ்டான்டிநோபிளின் பேராயர் உலகத்துக்கே பொதுவானவர் என்று பட்டம் சூடிக்கொண்டதைக் கடுமையாக எதிர்த்தார். தம்மைத் தேவனுடைய ஊழியருக்கு ஊழியர் என்று குறித்துக்கொண்டார். பின்வந்தவர்களும் அதையே தங்கள் பட்டமாகத் தொடர்ந்தார்கள். 1570-இல் இங்கிலாந்து அரசி எலிசபெத் ஆளத் தகுதியற்றவர் என்று ஐந்தாம் பயஸ் விடுத்த ஆணையின் முகப்பிலும் அந்தப் பட்டம்தான் நிற்கிறது. ஓர் அரசியைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கும் கட்டளை, ஊழியரின் ஊழியர் கையெழுத்தோடு!

நமக்கும் இது புதிதில்லை. அடியாருக்கும் அடியேன் என்று சொல்லிக்கொள்வது தமிழில் ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பழக்கம். வடசென்னை ஃபிளெக்ஸ் பலகைகளில் பெயருக்கு முன்னால் எளிய ஊழியக்காரன் என்று போட்டிருக்கும்; படம் மட்டும் ஆளுயரத்துக்குக் கோட்டு சூட்டுடன் நிற்கும். ஆகவே இக்கட்டுரை சொற்களையும் மனநிலையையும் ஒதுக்கிவிட்டு, தியோத்திரேப்பு விஷயத்தில் நிருபம் செய்ததையே செய்ய முயல்கிறது.

3. பணப்பை: வேப்பேரியின் ஃபாப்ரிசியஸ்

மிஷனரி யோகான் பிலிப் ஃபாப்ரிசியஸ் 1742-இல் சென்னைக்கு வந்து, 1791-இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். பிரெஞ்சுக்காரர் 1746-இல் கோட்டையைப் பிடித்தபோது புலிக்காட்டுக்கு ஓடவேண்டி வந்தது. திரும்பியபின் வேப்பேரியே அவர் ஊராயிற்று. அவருடைய வேதாகம மொழிபெயர்ப்பைத் தமிழ் லுத்தரன்கள் தலைமுறை தலைமுறையாக வாசித்தார்கள். ஜெர்மன் பாட்டுகளிலிருந்து அவர் தமிழாக்கிய ஞானப்பாட்டுகள் இன்றும் ஒலிக்கின்றன. 1779-இல் வேப்பேரி அச்சகத்தில் வந்த அவரது அகராதிக்குத் தமிழ் அகராதி வரலாற்றில் நிலையான இடம் உண்டு. பகட்டே இல்லாத எளிய வாழ்க்கை. செருக்கு என்ற குற்றச்சாட்டை அவர்மேல் எவரும் வைத்ததாகத் தெரியவில்லை.

அந்த மனிதர்தான் கடனுக்காகச் சிறைக்குப் போனார். மிஷன் பணத்தையும், பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தையும் நல்ல வட்டி கிடைக்கிறதென்று பெரிய இடங்களில் கடனாகக் கொடுத்திருந்தார். பணம் திரும்பவில்லை. முதுமையில் கடன்காரர்கள் விரட்டினார்கள். 1788-இல் மிஷனரி கெரிக்கே வந்து பொறுப்பை எடுத்துக்கொள்ளும்வரை சபை திணறிற்று.

இதைத் தனிமனிதரின் அவலமாக எழுதுவது வழக்கம். எனக்கு இது வேறொன்றையும் சொல்கிறது. அவருடைய தாழ்மை சபையின் பணத்தைக் காப்பாற்றவில்லை. அவர் நல்லவர் என்பதனாலேயே யாரும் கணக்குக் கேட்கவில்லை என்றுகூடச் சொல்லலாம். நல்ல போதகரிடம் கணக்குக் கேட்பது அவரை அவமதிப்பதாகும் என்ற எண்ணம் இன்றும் நம் சபைகளில் வேரோடிக் கிடக்கிறது. ஐயா கை சுத்தம் என்றால் அதோடு பேச்சு முடிந்தது. கை சுத்தமாக இருந்தும் கணக்கு மூழ்கிப்போக முடியும் என்பதை வேப்பேரி பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பார்த்துவிட்டது.

4. பந்தி: 1833-இன் சுற்றறிக்கை

இரண்டாவது வழக்கும் பெரும்பகுதி வேப்பேரிக்கே உரியது. இது சிக்கலானது, சற்று நின்று பார்க்க வேண்டும்.

1833 ஜூலையில் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்திய மிஷனரிகளுக்கு ஒரு சுற்றறிக்கை எழுதினார். சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாகவும் முற்றாகவும் ஒழிய வேண்டும். நற்கருணைக்கு முன்னும் பின்னுமாக வரிசை வைப்பதோ தனித்தனியே உட்காருவதோ கூடாது. வேப்பேரியிலும் தஞ்சையிலும் அது வாசிக்கப்பட்டபோது மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே புதிய மிஷனரிகளின் போக்கை எதிர்த்து எழுதிவந்தவர். வேதத்தின் பழைய மொழிபெயர்ப்பை மாற்றுவது, எல்லாச் சாதியையும் ஒன்றாகக் கலப்பது, விசேஷங்களில் பூவைத் தடுப்பது, ஆராதனையிலிருந்து தமிழ்ச் சங்கீதத்தை எடுப்பது ஆகிய நான்கையும் அவர் கொடுமைகள் என்றே குறித்தார்.

இந்தப் பட்டியலை இன்று வாசிக்கும் எவருக்கும் நெஞ்சு இரண்டு பக்கமும் இழுக்கும். பூவும் பாட்டும் மொழிபெயர்ப்பும் பற்றிய குறையில் நியாயம் இருக்கிறது. நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கியவர் இங்கே ஒரு நூற்றாண்டாக வளர்ந்த வழிபாட்டை ஒரு கையெழுத்தில் மாற்றுவது தலைக்கனம்தான். அந்த நியாயத்தின் மறைவிலேயே சாதி வரிசையும் ஒளிந்து நிற்கிறது. பறையர் கிறிஸ்தவரோடு ஒரே கிண்ணத்தில் வாய்வைக்க மறுத்தவர்கள் தங்களைப் பண்பாட்டின் காவலர்களாகக் காட்டிக்கொண்டார்கள். வில்சன் சரியான காரியத்தை அதிகாரியின் தோரணையில் செய்தார். எதிர்த்தவர்கள் தவறான காரியத்துக்காகப் பணிவான மனுக்கள் எழுதினார்கள். தோரணையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் தீர்ப்பு தலைகீழாகிவிடும்.

நெல்லை மாவட்டத்து வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலிலும் பின்னாளில் இதுவே நடந்தது. சாதிக்கொரு பகுதியாகக் கோயிலுக்குள் பிரித்துவைத்த சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. வேளாளர் தரப்பு ஆயர் பார்த் மீது வழக்குத் தொடுத்து உயர்நீதிமன்றம்வரை போய்த் தோற்றது. ஆயரின் அதிகாரம் இல்லாமல் அந்தச் சுவர் விழுந்திருக்காது. தலைமையின் அதிகாரத்தையே செருக்கு என்று பேசுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பௌத்தம் தழுவிய அயோத்திதாசர் 1907-இல் ராயப்பேட்டையில் தொடங்கிய தமிழன் இதழில் கிறிஸ்தவப் பாதிரிகளின் சாதிப் பற்றைத் திரும்பத் திரும்பச் சாடினார். பெரம்பூர்ப் பக்கத்து ஆதிதிராவிடர் சிலர் பௌத்தத்தின் பக்கம் சாய்ந்ததற்குச் சபைக்குள் அவர்கள் கண்ட இந்த வரிசையும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

5. நாற்காலி: 1947-க்குப் பின்

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சுவார்த்தை முடிவுக்கு வர இருபத்தெட்டு ஆண்டுகள் பிடித்தன. தாமதத்துக்கு ஒரு பெரிய காரணம் பேராயர் என்னும் பதவியே. ஆங்கிலிக்கன்கள் அதை விட மாட்டார்கள். காங்கிரிகேஷனல் மரபினருக்கோ பேராயர் என்றாலே சிம்மாசனம், அரண்மனை, பிரபு என்ற நினைவு. கடைசியில் சட்டத்துக்கு உட்பட்ட பேராயர் என்ற ஏற்பாட்டில் சமரசம் பிறந்தது. பேராயருக்குச் செங்கோல் உண்டு; ஆனால் பேரவையோடும் குழுக்களோடும் சேர்ந்தே ஆள வேண்டும், தேர்தலில் வர வேண்டும், வயது வந்தால் இறங்க வேண்டும். இதை எழுதியவர்கள் மனித மனத்தை நம்பாமல் விதியை நம்பினார்கள். இறையியல் நோக்கிலும் இது விவேகமானது என்றே நினைக்கிறேன். எல்லாரும் பாவிகள் என்று அறிக்கை செய்யும் ஒரு சபை, தலைவரை மட்டும் விதிவிலக்காக நடத்துவது முரண்.

ஏற்பாடு எழுத்தில் இருக்கிறது. நடைமுறையில், பாஸ்டரேட் கமிட்டி தேர்தலில் தொடங்கித் திருச்சபையின் உச்ச மன்றமான சினாட் வரை அணிகள் உருவாகிவிட்டன. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, நகர நடுவில் நிலம் என்று சொத்து பெருகியதும் பதவியின் எடை மாறியது. 2024 ஏப்ரலில், சினாட் தேர்தலை நடத்த ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நிர்வாகிகளாகச் சென்னை உயர்நீதிமன்றம் நியமித்தது. ஓய்வு வயது பற்றிய சட்டத்திருத்தமும் அந்த வழக்குகளின் மையத்தில் இருந்தது. விவகாரம் உச்சநீதிமன்றத்துக்கும் போனது. யார் பக்கம் நியாயம் என்பது இங்கே பேச்சில்லை. இறங்கும் வயது எது என்பதற்குச் சபை நீதிமன்றப் படியேற நேர்ந்தது, அதுவே இக்கட்டுரைக்குப் போதும்.

கீழ்மட்டத்தில் இது எப்படி நடக்கிறது என்பதற்கு ஆண்டுப் பொதுக்கூட்டத்தைப் பார்க்க வேண்டும். இரண்டாம் ஆராதனை முடிந்து பாதிப்பேர் வீட்டுக்குப் போனபிறகு கூட்டம் ஆரம்பிக்கும். போதகர் தலைமை நாற்காலியில். பொருளாளர் வரவு செலவை ஒரே மூச்சில் வாசிப்பார்; ஜெராக்ஸ் எடுத்த தாள் முதல் மூன்று வரிசையோடு தீர்ந்துவிடும். மில்லில் தொழிற்சங்கம் பார்த்த கிழவர் ஒருவர் எழுந்து, ஜெனரேட்டர் டீசலுக்கு எப்படி இவ்வளவு ஆச்சு என்பார். செயலர், ‘அண்ணே, அப்புறம் ஆபீஸ்ல பில்லு காட்டுறேன்’ என்று அடக்கப் பார்ப்பார். எல்லாக் கண்களும் அப்போது போதகரிடம் போகும். ‘அவர் கேட்டது நியாயம்தான், இங்கேயே வாசிங்க’ என்று சொல்லும் போதகரும் இருக்கிறார்; ‘ஜெபிச்சு முடிச்சிடலாமா’ என்று கேட்பவரும் இருக்கிறார். ஆண்டு முழுவதும் தாழ்மையைப் பற்றிக் கேட்ட பிரசங்கங்களைவிட அந்த அரை நிமிஷத்தில் சபை கற்றுக்கொள்வது அதிகம்.

6. யாருக்குப் போதிக்கப்படுகிறது தாழ்மை?

பெரிய வியாழனன்று கால் கழுவும் சடங்கு பல சபைகளில் நடக்கிறது. பன்னிரண்டு பேர் பீடத்துக்கு முன் உட்காருவார்கள். அவர்கள் யார் என்று கவனித்தால் பெரும்பாலும் கமிட்டி அங்கத்தினர்கள், மூப்பர்கள், ஊரில் மதிப்புள்ளவர்கள். கால்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்க்கப்பட்டு, நகம் வெட்டப்பட்டு வந்திருக்கும். பித்தளைச் செம்பில் வெதுவெதுப்பான தண்ணீர், இஸ்திரி போட்ட துவாலை. ஏற்கெனவே சுத்தமான காலில் ஆயர் மூன்று சொட்டு ஊற்றித் துடைப்பார். புளியந்தோப்பில் சாக்கடை அள்ளிவிட்டு வருகிறவரின் கால் அங்கே வருவதில்லை. அழைத்தாலும் அவர் கூச்சப்பட்டு வரமாட்டார் என்பது ஒரு பதில். கூச்சம் எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. 2013-இல் போப் பிரான்சிஸ் ரோம் நகரத்துச் சிறார் சிறையில் கைதிகளின் காலைக் கழுவினார். அவர்களில் பெண்களும் முஸ்லிம்களும் இருந்தார்கள். வழிபாட்டு விதி அப்போது ஆண்களை மட்டுமே அனுமதித்தது. 2016-இல்தான் அது மாற்றப்பட்டது.

1980-களில் அரவிந்த் நிர்மல் தலித் இறையியலைப் பேசத் தொடங்கினார். பின்னர் கீழ்ப்பாக்கம் குருகுல் இறையியல் கல்லூரியில் அதற்கென்றே துறை அமைந்தது. ஊழியம் என்பதை அவர் அலங்காரச் சொல்லாக விடவில்லை. பிறர் அருவருக்கும் வேலையைத் தலைமுறையாகச் செய்தவர்களின் ஊழியத்தோடு கடவுளையே சேர்த்து வாசித்தார். அப்படி வாசித்தால் தாழ்மைப் போதனையின் முகவரி மாறுகிறது. பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் தன்னை வெறுமையாக்கியவர் எல்லாம் உடையவராக இருந்தார். ஏற்கெனவே வெறுமையாக்கப்பட்டவனைப் பார்த்து உன்னை வெறுமையாக்கு என்பது அந்த வசனத்தின் பொருளாகாது. மலக்குழிக்குள் இறக்கப்பட்டவனுக்குப் பணிவைப் போதிக்கும் பிரசங்கியார், பணிவு யாருடைய கடமை என்பதையே மாற்றி வாசித்துவிடுகிறார்.

இதன் தொடர்ச்சியாக ஒரு சங்கடமும் உண்டு. தலித் சமூகத்திலிருந்து வந்த பேராயர் செங்கோலும் அங்கியும் காருமாகச் சேரிக்கு வரும்போது மக்கள் மகிழ்கிறார்கள். அந்த ஆடம்பரம் அவர்களுக்குச் செருக்காகத் தெரிவதில்லை. நூறாண்டு மறுக்கப்பட்ட மரியாதை தங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்ததாகத் தெரிகிறது. எளிமையே தாழ்மை என்று வெளியிலிருந்து சொல்வது இங்கே செல்லாது. ஆனாலும் காருக்குள் இருப்பவரிடம் கணக்குக் கேட்க முடிகிறதா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

7. வாடகைக் கூடம்

புளியந்தோப்பின் கிறிஸ்தவ வாழ்க்கையில் பெரும்பகுதி இன்று இந்தப் பெரிய சபைகளுக்கு வெளியே நடக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் போட்ட மொட்டைமாடி அல்லது கீழே கடை உள்ள கட்டடத்தின் முதல் மாடி. கீபோர்டு, இரண்டு ஸ்பீக்கர், அடுக்கிவைக்கக்கூடிய பிளாஸ்டிக் நாற்காலிகள். மேடையில் மட்டும் வெல்வெட் உறை போட்ட உயரமுதுகு நாற்காலி ஒன்று. போதகர் இல்லாத நாளிலும் அதில் யாரும் உட்காருவதில்லை. சபையார் அவரை அப்பா என்றும் மனைவியைப் பாஸ்டரம்மா என்றும் கூப்பிடுகிறார்கள். அவர் நள்ளிரவில் ஸ்டான்லி மருத்துவமனைக்கு ஆட்டோ பிடித்து நோயாளியைக் கொண்டுபோனவர். குடிகாரக் கணவனிடமிருந்து ஒரு பெண்ணை மீட்டவர். அந்தப் பட்டத்தைச் சம்பாதித்துத்தான் பெற்றிருக்கிறார். வெல்வெட் நாற்காலியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்தப் பாதி தெரியாது.

மற்றப் பாதி டிரஸ்ட் பத்திரத்தில் இருக்கிறது. அறங்காவலர்கள் என்று போட்டிருக்கும் இடத்தில் போதகர், மனைவி, மைத்துனர். வங்கிக் கணக்கில் கையெழுத்து வீட்டோடு முடிந்துவிடும். தசமபாக உறைகளை எண்ணுவதும் வீட்டிலேயே. மகன் கிட்டார் வாசிப்பதில் தொடங்கி, இளைஞர் கூட்டம் நடத்தி, அடுத்த போதகராக எண்ணெய் பூசப்படுவான். கேள்வி கேட்டவருக்குக் கிடைக்கும் பதில்: தேவனுடைய அபிஷேகம் பண்ணப்பட்டவர்மேல் கைபோடாதே. தாவீது சவுலைக் கொல்ல மறுத்த இடத்தில் வரும் அச்சம், டீசல் பில்லுக்கும் பொருத்தப்படுகிறது. தியோத்திரேப்பு செய்த நான்கில் கடைசி இரண்டு இங்கே எளிதாக நடக்கும். வேறு சபைக் கூட்டத்துக்குப் போய்வந்த குடும்பத்துக்கு அடுத்த ஞாயிறு பேச்சுவார்த்தை நின்றுவிடும்.

8. இறங்கிப் போதல்

தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பிரதமப் பேராயரும் சென்னைப் பேராயருமான மைக்கேல் ஹாலிஸ், 1954-இல் பதவியை விட்டார். சென்னைக்கு அடுத்த பேராயராக இந்தியரான டேவிட் செல்லப்பா வந்தார். ஹாலிஸ் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் ஆசிரியர்களில் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார். பின்னர் 1962-இல், மிஷனரிகள் தகப்பன் ஸ்தானத்தில் உட்கார்ந்து சபையைப் பிள்ளையாகவே வைத்திருந்ததைப் பற்றித் தென்னிந்திய வரலாற்றை வைத்து ஒரு நூலே எழுதினார். குற்றப்பத்திரிகையில் தம் இனத்தாரையும் தம் பதவியையும் சேர்த்தே எழுதியவர்.

1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராக இருந்த லெஸ்லி நியூபிகின், ஓய்வுபெற்றதும் மனைவியோடு இரண்டு பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் மாறிப் பஸ் மாறித் தரைவழியாகவே இங்கிலாந்துக்குப் போனார். 1947-இல் 37 வயதில் பேராயராக அபிஷேகம் பெற்றவர், 1980-இல் பர்மிங்ஹாமில் சிறைச்சாலைக்கு எதிரே இருந்த ஒரு சின்னச் சபைக்குப் போதகரானார். மூடிவிடலாம் என்று மேலிடம் நினைத்த சபை அது.

இருவரையும் தாழ்மைக்கு மாதிரியாகக் காட்டிப் பிரசங்கிப்பது எளிது, பலர் செய்கிறார்கள். அவர்கள் இறங்க முடிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு: இறங்கினால் கால் ஊன்ற இடம் இருந்தது. கல்லூரி வேலை, இங்கிலாந்தில் ஒரு சபை, அவர்களைத் தெரிந்த ஓர் உலகம். புளியந்தோப்பு மாடிக்கூடத்துப் போதகருக்கு அது இல்லை. வீட்டு வாடகை, பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம், மனைவியின் சர்க்கரை மருந்து எல்லாம் அந்த வெல்வெட் நாற்காலியிலிருந்துதான் வருகின்றன. வருங்கால வைப்புநிதி கிடையாது, ஓய்வூதியம் கிடையாது. அறுபத்தைந்தில் இறங்கு என்று அவரிடம் சொல்வது, தெருவில் நில் என்று சொல்வதற்குச் சமம். மகனை வாரிசாக்குவதில் பதவி ஆசை எவ்வளவு, முதுமைப் பயம் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தவர் யாரும் இல்லை.

எனவே இந்தச் சபைகளில் செருக்கைப் பற்றிய பேச்சு டிரஸ்ட் பத்திரத்திலும் சம்பளத்திலும் தொடங்க வேண்டும். வீட்டுக்கு வெளியிலிருந்து இரண்டு அறங்காவலர். காணிக்கையை ஆராதனை முடிந்த கையோடு சபையார் மூவர் எண்ணி நோட்டில் கையெழுத்திடுவது. போதகருக்கு மாதச் சம்பளம் என்று ஒரு தொகை. அவர் பேரில் ஒரு சிறு சேமிப்பு, அதைச் சபையே கட்டுவது. இவற்றில் எதற்கும் விசேஷ அபிஷேகம் தேவையில்லை. சில சபைகளில் நடக்கவும் செய்கிறது. அங்கெல்லாம் வெல்வெட் நாற்காலி இன்னமும் இருக்கிறது, அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நோட்டில் மூன்று கையெழுத்து விழாத ஞாயிற்றுக்கிழமைகளில், ஏன் என்று கேட்கிறார்கள்.